நிலத்தடியில் ஒரு குளம்: நெடுந்தீவின் வரலாறும் உயிர்களும் வருகையாளரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே, பாக்கு நீரிணையில், ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்பில் தட்டையாகக் கிடக்கும் நெடுந்தீவு, காட்டுக் குதிரைகள் திரியும் தீவு என்றே இன்று வெளியுலகுக்கு அறிமுகமாகிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் விட்டுச்சென்ற இடிபாடுகள், ஆபிரிக்காவிலிருந்து வந்து வேரூன்றிய பெருக்கமரம், முருகைக் கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகள், ஆளரவம் குறைந்த கரைகள் ஆகியவற்றைக் காண உள்நாட்டிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் மக்கள் படகேறி வருகின்றனர். அந்தக் குதிரைகள் அங்கே பிழைத்திருப்பதற்கும், அந்நியர் அங்கே கோட்டை கட்டியதற்கும், சில ஆயிரம் மக்கள் இன்றும் குடியிருப்பதற்கும் அடிப்படையான பொருளோ பார்ப்போர் கண்ணில் படுவதில்லை. அது நிலத்துக்கு அடியில் இருக்கிறது. மலையும் ஆறும் இல்லாத இத்தீவின் சுண்ணாம்புப் பாறைக்குள் மாரி மழை இறங்கித் தேங்குவதால் உருவாகும் நன்னீர்ப் படலமே நெடுந்தீவின் ஒரே பெரிய நீர்நிலை. தீவின் கடந்த காலத்தையும் உயிரினங்களின் எண்ணிக்கையையும் எத்தனை வருகையாளரை அது தாங்கும் என்பதையும் முடிவு செய்வது அந்தப் படலத்தின் தடிப்பே ஆகையால், நெடுந்தீவைப் பாதுகாப்பது பற்றிய எந்தப் பேச்சும் நீரிலிருந்தே தொடங்க வேண்டும்.

உப்புக்கு மேல் மிதக்கும் நன்னீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலவே நெடுந்தீவும் சுண்ணாம்புக்கல்லாலும், கடல்வாழ் சிறு விலங்குகள் கட்டியெழுப்பிய பவளப்பாறையின் எச்சமான முருகைக்கல்லாலும் ஆன நிலம். இக்கற்களில் துளைகளும் வெடிப்புகளும் மிகுதி என்பதால் பெய்யும் மழை நெடுநேரம் தரையில் நில்லாமல் கீழே இறங்கிவிடுகிறது. தீவைச் சூழ்ந்திருக்கும் கடல்நீரும் அதே துளைகள் வழியாக அடியில் புகுந்து பரவியிருக்கிறது. உப்புக் கரைந்த கடல்நீரைவிட மழைநீர் அடர்த்தியில் சற்றே குறைந்தது என்பதால் இரண்டும் உடனே கலந்துவிடாமல், பாலின் மேல் ஆடை படர்வது போல, உப்புநீரின் மேல் நன்னீர் படர்ந்து நிற்கிறது. தீவின் நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் ஒரு வில்லையின் வடிவில் அமையும் இதனை நீரியல் அறிஞர் நன்னீர் வில்லை என்று அழைக்கின்றனர்.

இந்த வில்லையின் நடத்தையை விளக்கும் விதி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லெம் படோன் கைபன் என்ற ஒல்லாந்தப் படைப் பொறியியலாளராலும், பின்னர் 1901இல் அலெக்சாண்டர் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜேர்மானியராலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. நன்னீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025, ஆகவே கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது அந்த விதி. இதன் மறுபக்கம்தான் தீவுவாசிகளுக்கு முதன்மையானது: அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் மட்டுமே தாழ்த்தினாலும், காலப்போக்கில் அடியிலிருந்து உப்புநீர் 4 மீற்றர் வரை மேலெழக்கூடும். உண்மையான நிலத்தில், அதிலும் வெடிப்பு மிகுந்த சுண்ணாம்புப் பாறையில், இரு நீரும் எல்லையில் ஓரளவு கலப்பதால், நல்ல நீர் இந்தக் கணக்குக் காட்டும் ஆழத்தைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஒருமுறை உவர்ந்துபோன கிணறு மீண்டும் நன்னீராக ஓர் ஆண்டின் மழை பெரும்பாலும் போதாது.

விதியாக எழுதப்படும் முன்பே இதன் நடைமுறையைத் தீவு மக்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு அவர்களுடைய நீர்நிலைகளே சான்று. மழைநீரைத் தேக்கும் குளம், கல்லால் பக்கம் கட்டிப் படி அமைத்த கேணி, அகலமாகத் தோண்டப்பட்ட துரவு, மணற்பாங்கான இடத்தில் கையளவு ஆழத்தில் தோண்டி ஊறும் நீரைக் கோலும் பூவல் என நீரின் ஆழத்துக்கும் தன்மைக்கும் ஏற்ற வடிவங்கள் யாழ்ப்பாணத் தீவுகளில் வழங்கி வந்தன. இவை அனைத்தும் ஆழமற்றவை. படலத்தின் மேற்பரப்பிலிருந்து மெல்ல எடுப்பவை. ஒரே இடத்தில் ஆழத் துளைத்து உப்பை மேலே இழுக்காதவை. நல்ல நீருக்குப் பெயர்பெற்ற சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளும், மனிதர் அல்ல பூதமே கிண்டியது என்று ஊரார் கதை சொல்லும் பழங்கிணறுகளும் நன்னீர் கிடைக்கும் இடத்துக்கு இத்தீவு எத்துணை மதிப்புக் கொடுத்தது என்பதைக் காட்டுகின்றன.

நீர் இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய நெடுந்தீவின் நிர்வாக எல்லைக்குள்ளேயே இன்னொரு தீவு இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்பாட்டால் பெயர்பெற்ற கச்சதீவு, நெடுந்தீவுப் பிரதேச செயலர் பிரிவைச் சேர்ந்தது. ஆண்டுதோறும் புனித அந்தோனியார் திருவிழாவுக்கு இரு கரைகளிலிருந்தும் அடியார்கள் அங்கே கூடுகின்றனர். விழா முடிந்ததும் அனைவரும் திரும்பிவிடுகின்றனர். நிலையாகத் தங்குவதற்கான குடிநீர் அங்கே கிடையாது என்பதால் அத்தீவில் ஊர் உருவாகவில்லை. அருகருகே உள்ள இரு தீவுகளில் ஒன்று வழிபாட்டு இடமாக மட்டும் நிற்க, மற்றது பல நூற்றாண்டு வரலாறு கொண்ட ஊராக வளர்ந்ததன் முதற் காரணம் நீர்.

கடல்வழியில் ஒரு தங்குமிடம்

நன்னீரும் மேய்ச்சல் நிலமும் உள்ள ஒரு தீவு, தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் இடையிலான கடல்வழியில் அமைந்தால், அது வணிகரின் கணக்கிலும் அரசரின் கணக்கிலும் இடம்பெறாமல் போகாது. தீவின் மேற்குப் பகுதியில் முருகைக் கல்லால் கட்டப்பட்ட சிறு பௌத்த தூபிகளின் எச்சங்கள் காணப்படுகின்றன. அந்தப் பகுதியை ஊர் வழக்கு வெடியரசன் கோட்டை என்றும் குறிக்கிறது. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மரக்கலமேறி வந்த மீகாமனை எதிர்த்த கடலோரத் தலைவனாக வெடியரசனைப் பேசும் கதை, ஈழத்தின் கண்ணகி வழிபாட்டு மரபோடு பின்னிப் பிணைந்தது. வரலாற்றுச் சான்றாக அதனைக் கொள்ள முடியாதெனினும், கடலோடிகளின் ஆட்சி குறித்த நினைவு ஒன்று இத்தீவில் தொடர்ந்து வாழ்ந்திருப்பதை அது உணர்த்துகிறது.

இக்கடற்பகுதியின் வணிகம் பற்றிய உறுதியான சான்று அயலிலுள்ள நயினாதீவில் கிடைத்துள்ளது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, தமிழில் பொறித்து நாட்டிய கல்வெட்டு அது. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசின் பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேர வேண்டும் என்றும், பிற சரக்கு ஏற்றிய கலமானால் இரு தரப்புக்கும் பாதி பாதி என்றும் அக்கல்வெட்டு விதிக்கிறது. கடல்வழி வந்த குதிரைகளைக் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டினப்பாலை பேசுகிறது. பாண்டிய மன்னர் ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகளை அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து வாங்கியதை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ குறித்து வைத்தார். ஐரோப்பியர் வருமுன்பே இத்தீவுக் கடல் குதிரைக் கலங்களின் வழியாக இருந்தது என்பதை இச்சான்றுகள் சேர்ந்து நிலைநாட்டுகின்றன.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் நெடுந்தீவைப் பசுக்களின் தீவு என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். கால்நடை வளம் அப்போதே அதன் அடையாளமாகிவிட்டிருந்தது. முருகைக் கல்லால் ஆன இரண்டு மாடிக் கோட்டை ஒன்றின் இடிந்த சுவர்கள் வடகரைக்கு அருகில் இன்றும் நிற்கின்றன. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பயன்படுத்தியதாக அது கருதப்படுகிறது. 1658இல் யாழ்ப்பாணத்தை வென்ற ஒல்லாந்தர், தம் நாட்டு நகரங்களின் பெயர்களையே தீவுகளுக்குச் சூட்டினர். அவற்றுள் டெல்ஃப்ற் என்ற பெயர் மட்டுமே ஆங்கில வழக்கில் நிலைத்து, நெடுந்தீவின் மறுபெயராக இன்றும் தொடர்கிறது. அதே பெயருடைய ஐரோப்பிய நகரத்தில்தான் 1957இல் தொடங்கப்பட்ட நீர்க் கல்விக்கான பன்னாட்டு நிறுவனம் இயங்குகிறது. நிலத்தடி நீரும் கடல்நீரும் ஊடாடும் நிலங்களை மேலாண்மை செய்ய உலகெங்குமிருந்து வரும் பொறியியலாளர்கள் அங்கே பயில்வதை எண்ணும்போது, அந்த அறிவு அதன் பெயர் தாங்கிய தீவுக்கும் வந்து சேர வேண்டும் என்ற விருப்பம் இயல்பாக எழுகிறது.

குதிரைகளின் வருகையும் எச்சமும்

நெடுந்தீவின் குதிரைகள் போர்த்துக்கேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. ஒல்லாந்தர் ஆட்சியில் குதிரை வளர்ப்பு முறையான அரசுத் தொழிலாயிற்று. யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்தத் தலைமை அதிகாரியாக இருந்த ஹென்றிக் ஸ்வார்டெகுரூன், தமக்குப் பின் வருவோருக்காக 1697இல் எழுதிவைத்த நிர்வாகக் குறிப்புகளில், நெடுந்தீவிலும் இரணைதீவிலும் நடைபெற்ற குதிரை வளர்ப்பு இடம்பெறுகிறது. சுற்றிலும் கடல் இருப்பதால் வேலியின்றியே விலங்குகளை அடைத்து வைக்கலாம், கொள்ளை நோய்களிலிருந்தும் திருட்டிலிருந்தும் ஓரளவு காக்கலாம், கலங்களில் எளிதாக ஏற்றலாம் என்பவை தீவுகளைத் தேர்ந்ததற்கான நியாயங்களாக இருந்திருக்க வேண்டும். குதிரைக்கு வேண்டிய நீர் நெடுந்தீவில் கிடைத்தது என்பது அந்த நியாயங்களுக்கெல்லாம் முந்தியது.

பிரித்தானியர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நோலன் என்ற படை அதிகாரி தீவின் பொறுப்பேற்று லாயங்களைப் பேணியதாக நிர்வாக வரலாறும் ஊர் நினைவும் ஒருசேரக் கூறுகின்றன. பின்னர் அரசுக்கு இவ்வளர்ப்பில் நாட்டம் குறைந்தபோது, லாயத் தூண்கள் வெறுமையாக நின்றன. குதிரைகள் தரவைகளில் தாமாகவே பெருகின. தரவை என்பது மரம் அடராத, புல்லும் சிறு பற்றையும் கொண்ட திறந்த மேய்ச்சல் வெளியைக் குறிக்கும் ஈழத்து வழக்கு. மனிதர் வளர்ப்பிலிருந்து நீங்கித் தன்னியல்பாக வாழத் தலைப்பட்ட விலங்குகளை உயிரியலாளர் காட்டுநிலைக்குத் திரும்பியவை என்று வகைப்படுத்துவர். நெடுந்தீவின் மட்டக் குதிரைகளும் அவ்வகையினவே.

இத்தகைய குதிரைகளின் வாழ்க்கை ஒழுங்கு உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வலுமிக்க ஆண்குதிரை ஒன்று சில பெண்குதிரைகளோடும் குட்டிகளோடும் ஒரு குழுவாகத் திரியும். துணை அமையாத இளம் ஆண்கள் தமக்குள் தனிக் கூட்டம் சேரும். சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம் என்பதால் குட்டி ஈனும் பருவமும் பால் சுரக்கும் பருவமும் புல்லின் செழிப்போடு பொருந்தினால் குட்டிகள் பிழைக்கும். பொருந்தாவிட்டால் தாயும் குட்டியும் மெலியும். தீவிலுள்ள குதிரைகளின் எண்ணிக்கை பற்றிய மதிப்பீடுகள் ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் இடையே வேறுபடுகின்றன. வெயில் காலத்தில் ஒரு குதிரை நாளொன்றுக்கு 20 லீற்றர் நீராவது குடிக்கும் என்று வைத்து, குறைந்த மதிப்பீட்டையே எடுத்துக்கொண்டாலும், குதிரைகளுக்கு மட்டும் நாள்தோறும் 10,000 லீற்றர் நீர் தேவை. மாரியில் நிரம்பிய குளங்கள் வற்றத் தொடங்கும் மாதங்களில் இந்த நீர் தரவையில் கிடைப்பதில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் குதிரைகள் தாகத்தால் இறந்து கிடந்ததும், ஊராரும் அரச அலுவலரும் தொட்டிகளில் நீர் நிரப்பிக் காப்பாற்ற முயன்றதும் தீவின் அண்மைக்கால அனுபவம்.

தரவையும் கரையும் தாங்கும் பிற உயிர்கள்

குதிரைகளின் புகழ் பிற உயிர்களை மறைத்துவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை பெய்து தாழ்நிலங்களில் நீர் தேங்கியதும், மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கும் வடக்கிலிருந்தும் தெற்கு நோக்கி வரும் பறவைகளின் வலசைப் பாதையில் இத்தீவுகளும் தங்கிடமாகின்றன. சேற்றில் அலகு நுழைத்துப் புழு தேடும் உள்ளான் வகைகள், கரையோரத்து ஆலாக்கள், கடற்காகங்கள் ஆகியவை அக்காலத்தில் சேர, ஆட்காட்டிகளும் கொக்குகளும் ஆண்டு முழுவதும் தங்குகின்றன. மேயும் மாட்டையும் குதிரையையும் பின்தொடர்ந்து, அவற்றின் காலடியில் கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்கும் உண்ணிக்கொக்கு, தரவையின் உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதற்கு எளிய சான்றாகும்.

மரங்களுள் முதன்மையானது பனை. உணவும் கூரையும் வேலியும் எரிபொருளும் தந்து, சோளகக் காற்றின் உப்பைத் தாங்கி நிற்கும் பனை இல்லாமல் தீவில் குடியிருப்பு நிலைத்திராது. பெருக்கமரமோ ஆபிரிக்க நிலத்துக்கு உரியது. அரபு வணிகரோ பின்வந்த ஐரோப்பியரோ கொண்டுவந்ததாகக் கருதப்படும் இம்மரம் தன் பருத்த அடிமரத்தில் நீரைச் சேமித்து, வறண்ட மாதங்களில் இலையுதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. தீவைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலில் வளரும் கடற்புற்கள், மீன் குஞ்சுகளுக்கும் இறாலுக்கும் மறைவிடமாகவும், ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கும் ஆமைகளுக்கும் மேய்ச்சலிடமாகவும் பயன்படுகின்றன. கடலடியை வாரி இழுக்கும் மடிகள் இந்தப் புல்வெளிகளை அழிப்பதால்தான் இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் பற்றிய பிணக்கு இன்னும் தீரவில்லை. அதன் சுமையை முதலில் தாங்குவோர் சிறு வள்ளங்களில் தொழில் செய்யும் தீவு மீனவரே.

பூங்காவும் குடியிருப்பும்

2015 ஜூன் மாதம் வர்த்தமானி அறிவித்தல் மூலம் நெடுந்தீவின் 1,846 ஹெக்டேயர் நிலம் தேசிய பூங்காவாக்கப்பட்டது. இது தீவின் மொத்தப் பரப்பில் மூன்றில் ஒன்றுக்கும் மேலானது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் வரும் தேசிய பூங்காவுக்குள் வருகையாளர் ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு உயிரினங்களைப் பார்வையிடலாம். நிலத்தின் பிற பயன்பாடுகள் கட்டுப்படுத்தப்படும். குதிரைகளுக்கும் பறவைகளுக்கும் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது வரவேற்கத்தக்கது. எனினும் அதே தரவைகளில்தான் தலைமுறைகளாக ஊராரின் மாடும் ஆடும் மேய்ந்துவந்தன. முருகைக்கல் வேலிகளும் இந்த மேய்ச்சல் வாழ்க்கையிலிருந்தே பிறந்தவை: நிலத்தைப் பண்படுத்தும்போது வெளிப்படும் கற்களைச் சாந்து இன்றி அடுக்கித் தோட்டத்தைச் சுற்றி எழுப்பினால், கால்நடை உள்ளே வராது, காற்று இடுக்குகள் வழியே தணிந்து புகும், பயிரிட நிலமும் தெளிவாகும். பயிர் வேலிக்கு உள்ளேயும் விலங்கு வெளியேயும் என்ற இந்த ஏற்பாடு குதிரையையும் மாட்டையும் மனிதரையும் ஒரே தீவில் வாழவைத்தது. பூங்காவின் எல்லைக் கோடு அந்த ஏற்பாட்டை மாற்றும் இடங்களில், மேய்ப்போரின் மரபுரிமையைப் பேசித் தீர்க்காமல் பாதுகாப்பு நிலைபெறாது.

வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட விலங்கைப் பூங்காவில் பேணுவது முறையா என்ற கேள்வியும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டியது. பாக்கு நீரிணையின் மறுகரையில், 1967இல் வெளிமானுக்காகச் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்கரையிலும் இதேபோன்று காட்டுநிலைக்குத் திரும்பிய மட்டக் குதிரைகள் உள்ளன. அவை வெளிமானின் மேய்ச்சலுக்குப் போட்டியாவதாக அங்கே நடந்த ஆய்வுகள் எச்சரித்துள்ளன. நெடுந்தீவில் அத்தகைய பெரிய காட்டு மேய்விலங்கு இல்லை என்பதால் நிலைமை வேறு. இங்கே போட்டி ஊராரின் மாடுகளோடும், வற்றும் குளங்களின் ஓரத்தில் இரைதேடும் பறவைகளோடும் ஏற்படக்கூடியது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளாக ஒரு நிலத்தோடு பழகிய குதிரைகளை அந்நியம் என்று ஒதுக்குவதும், புல்லையும் நீரையும் கணக்கிடாமல் அவை பெருகட்டும் என்று விடுவதும் ஒருசேரத் தவறானவை.

படகும் பயணமும்

நெடுந்தீவுக்குச் செல்வோர் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் வழியாக வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து குறிகாட்டுவான் இறங்குதுறையை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம் செய்ய வேண்டும். இந்தக் கடல்வழி தீவு மக்களுக்கு உல்லாசப் பயணம் அன்று. மருத்துவம், மேற்படிப்பு, சந்தை, அரச அலுவல் அனைத்துக்கும் அதுவே வழி. இவ்வழியில் ஓடிய குமுதினிப் படகில் 1985 மே 15ஆம் நாள் பயணம் செய்த பொதுமக்கள், குழந்தைகளும் பெண்களும் உட்பட, குறைந்தது 23 பேர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோர் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினர். போரும் போக்குவரத்துத் தடையும், அதற்கு முன்பே நீர்ப்பாசன நிலம் தேடி வன்னிக்கு நடந்த குடிபெயர்வும் தீவின் மக்கள்தொகையைக் குறைத்தன. இறங்குதுறையில் கால்வைக்கும் வருகையாளர் ஒவ்வொருவரும் இந்த இழப்பைத் தாங்கிய ஊருக்குள் நுழைகிறார் என்பதை மறக்கலாகாது.

தீவுக்குள் முச்சக்கர வண்டியிலோ வாடகை வாகனத்திலோ சுற்றும் பயணிகள் வழமையாகக் காண்பவை கோட்டை, ஒல்லாந்தர் தகவல் அனுப்பப் புறாக்களை வளர்த்த புறாக்கூடு, உள்ளே மனிதர் நிற்கக்கூடிய பொந்துடைய பெருக்கமரம், வளரும் கல் என்று ஊரார் போற்றும் பாறை, கலங்களுக்குக் குறியாக நின்ற குயின்ரா கோபுரம், தென்புறத் தரவையின் குதிரைகள் ஆகியவை. மேற்குக் கரையின் ஆழமற்ற கடலில் நீராடுவதும் மிதிவண்டியில் கல்வேலிகளுக்கு இடையே சுற்றுவதும் இத்தீவுக்கு மிகவும் பொருந்தும் பொழுதுபோக்குகள். அவற்றுக்கு அதிக நீரும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம். குதிரைகளை வாகனத்தால் துரத்திப் படம் பிடிப்பது, அவற்றுக்குப் பொதியுணவு கொடுப்பது, பெருக்கமரத்தில் பெயர் செதுக்குவது, பிளாஸ்ரிக் போத்தல்களைத் தரவையில் வீசுவது ஆகியவையோ ஒருவருக்கு ஒரு கணத்துச் செயல், தீவுக்கு நீண்டகாலத் தீங்கு. வேலியிலிருந்து எடுக்கப்படும் ஒரு முருகைக்கல்லும் அத்தகைய இழப்பே.

நீரின் நாட்காட்டி

வருகையின் காலமே நெடுந்தீவின் மிகப் பெரிய சிக்கல். மேலைநாடுகளில் பாடசாலை விடுமுறை விடப்பட்டுப் புலம்பெயர்ந்த குடும்பங்கள் ஊர் திரும்பும் ஆடி, ஆவணி மாதங்களே யாழ்ப்பாணத்தில் பயணிகள் மிகும் பருவம்; நல்லூர்த் திருவிழாவும் அப்போதுதான் வருகிறது. தீவில் அதே மாதங்களில் குளங்கள் வற்றி, கிணற்று நீர் உவர்த்து, புல் காய்ந்து, சோளகத்தால் கடலும் கொந்தளித்திருக்கும். நீர் மிகக் குறைந்த வேளையில் அதிகமானோர் வருவது படலத்தின் மேல் விழும் இரட்டைச் சுமை. தை முதல் பங்குனி வரையான மாதங்களிலோ மாரி முடிந்து படலம் நிறைந்திருக்கும். தரவை பசுமையாகவும், குதிரைகள் கொழுத்தும், வலசைப் பறவைகள் இன்னும் புறப்படாமலும் இருக்கும். வாடைக் காற்றும் தணிந்துவிடும். பயணத்தை இப்பருவத்தை நோக்கித் திருப்புவதும், கோடையில் நாளொன்றுக்கு வருவோர் தொகைக்கு வரம்பு வைப்பதும், தங்கும் விடுதிகளுக்கு அனுமதி வழங்கும்போது கூரைமழை சேகரிப்பை முதல் நிபந்தனையாக்குவதும் தீவின் இயல்பை ஒட்டிய வழிகள்.

நீர்வளத்தைப் பெருக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தீவில் அமைக்கப்பட்டது. அத்தகைய நிலையங்களுக்கு மின்சாரம் தொடர்ந்து வேண்டும். டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் இணைந்த மின் திட்டத்தை இந்திய நிதியுதவியோடு நிறுவ 2022இல் உடன்பாடு கையெழுத்தானது. இவை நிறைவேறினால் மக்களின் குடிநீர்ச் சுமை குறையும். ஆனால் இயந்திரம் தரும் நீர் வீட்டுக்கு உதவுமே தவிர, தரவையின் புல்லையும் பறவையின் சேற்று நிலத்தையும் பனையின் வேரையும் அது நனைக்காது. அவற்றுக்கு மழைநீரைத் தடுத்து நிறுத்தும் குளங்களே கதி. தூர்ந்த குளங்களையும் கேணிகளையும் மாரிக்கு முன் தூர்வாரி, குளத்தின் ஒரு பகுதியைக் குதிரைக்கும் மாட்டுக்கும், மறு பகுதியைப் பறவைக்கும் விட்டுவைப்பது செலவு குறைந்ததும் நீடித்ததுமான பணி.

உலகில் இதே கேள்வியைச் சந்தித்த தீவுகள் தந்த பாடங்களும் உண்டு. அமெரிக்காவின் அசற்றீக் தீவில், வெர்ஜீனியா மாநிலத்துப் பகுதியில், வளர்ந்த மட்டக் குதிரைகளின் தொகை 150ஐத் தாண்டாதவாறு ஆண்டுதோறும் குட்டிகளின் ஒரு பகுதி ஏலத்தில் விற்கப்படுகிறது; கூட்டமும் காக்கப்படுகிறது, நிலமும் காக்கப்படுகிறது. கனடாவின் சேபிள் தீவில் ஏறத்தாழ ஐந்நூறு குதிரைகள் மனிதர் தலையீடின்றி வாழ, 2013இல் தேசியப் பூங்கா ஒதுக்ககமான அத்தீவுக்கு வருவோருக்கு முன் அனுமதி கட்டாயம். நெடுந்தீவு இவ்விரண்டிலிருந்தும் ஒன்றில் வேறுபடுகிறது: அது மக்கள் வாழும் ஊர். ஆகவே குதிரைகளை ஆண்டுதோறும் எண்ணுவது, கிணறுகளின் உவர்ப்பை மாதந்தோறும் அளப்பது, அந்த இரு கணக்கையும் பார்த்து வருகையாளர் தொகையை நிர்ணயிப்பது ஆகிய பொறுப்புகள் திணைக்களத்திடம் மட்டும் இருக்கலாகாது; பிரதேச சபையும் மேய்ப்போரும் மீனவரும் ஊரின் பாடசாலைகளும் அதில் பங்கேற்க வேண்டும். பயணிகளிடம் பெறும் கட்டணத்தின் ஒரு பங்கு குளம் திருத்தும் பணிக்கே நேரடியாகச் செல்லுமானால், வருகையாளர் குடிக்கும் நீரை வருகையாளரே மீட்டுத் தருவதாக அமையும்.

கோட்டையை மீண்டும் கட்டலாம், படகை மாற்றலாம், மின்சாரத்தை வேறு வழியில் கொண்டுவரலாம். உவர்ந்துவிட்ட நன்னீர்ப் படலத்தை ஒரு தலைமுறையின் விருப்பத்தால் மட்டும் மீட்க முடியாது. பல நூற்றாண்டுகளாக ஆழமற்ற கிணறும் கல்வேலியும் கொண்டு அந்தப் படலத்தைச் சேதமின்றிக் கையளித்து வந்த மக்களின் அறிவே நெடுந்தீவின் முதற் செல்வம். அந்த அறிவை அளவீட்டோடும் சட்டத்தோடும் இணைத்து, ஒவ்வொரு மாரியும் தரும் நீருக்குள் குதிரைக்கும் பறவைக்கும் குடிமக்களுக்கும் வருகையாளருக்கும் பங்கு வகுப்பதே இன்று செய்ய வேண்டிய காரியம்.